நம்மூர் பிள்ளைக்கு ‘விண்டர்’ படப் புத்தகம் எதை வாங்க? ஸ்னோமேனுக்கு மஞ்சள் கலர் அடிச்சிட்டு வந்து நிக்கான்

பெருமாள்புரம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சும்மா படிச்சிட்டுப் போற ஆளு, இப்பதான் முதல் தடவை எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி படிக்கான். போன வாரம் டைரில ‘விண்டர் ஹாலிடேஸ் தீம், ஒரு பிக்சர் புக் கொடுத்து விடவும்’னு எழுதி விட்டிருக்காவ. கூட ஒரு கலரிங் ஷீட்டு. அதுல ஒரு ஸ்னோமேன், கழுத்துல மஃப்ளரு, மூக்குக்கு கேரட்டு. இவன் அதுக்கு முழுசா மஞ்சள் அடிச்சிட்டு வந்து நிக்கான். ஏம்ல மஞ்சள்னு கேட்டா ‘வெயில்ல நிக்காருல்லம்மா’ங்கான். நான் என்னத்தச் சொல்ல.

அன்னைலருந்து ஒரே கேள்வி. நமக்கு எப்ப ஸ்னோ வரும், ஆத்துத் தண்ணி ஐஸ் ஆகுமா, ஆச்சி ஏன் ஸ்னோமேன் மாதிரியே துண்டு கட்டியிருக்காவ. (எங்க மாமியாருக்கு கார்த்திகை பிறந்தாப் போதும், காதுல பஞ்சு, தலைல மஃப்ளரு, வெளிய 22 டிகிரி இருந்தாலும் சரிதான்.)

எங்க வீட்டுல ரெண்டு பக்கமும் உண்டு. எங்க அம்மா வழி நாசரேத்துப் பக்கம், கிறிஸ்துமஸ்னா அங்க போயிருவோம், விடியக்காலம் எந்திரிச்சு கோயிலுக்குப் போயிட்டு வந்து முந்திரிக்கொத்தும் முறுக்கும்தான். மாமியார் திருநவேலி டவுன்காரவ, மார்கழின்னா வாசல் நிறைய கோலம், பெறவு பொங்கலுக்கு பனங்கிழங்கு வாங்குத வேலை. பிள்ளைக்கு ரெண்டும் நம்ம பண்டிகைதான்னு தெரியணும்னு ஆசை. ஆனா கடைல போய்க் கேட்டா சாண்டா, ரெய்ண்டீர், ஸ்டிக்கர் புக்கு, அத விட்டா ஏபிசிடி. ஸ்னோ வர்ற புத்தகம் வாங்கவா வேண்டாமா, தமிழ்ல நம்ம மழை, பனி, பண்டிகைன்னு சின்னப் பிள்ளைக்கு எதாவது இருக்கா? அரையாண்டு லீவு முழுக்க ராத்திரி வாசிச்சுக் காட்டலாம்னு இருக்கேன். ஐநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சா நல்லது.

டொராண்டோ_நெல்லையன்:

அக்கா, நான் வண்ணார்பேட்டைல வளந்தவன், இப்ப டொராண்டோல கிடக்கேன். உங்களுக்கு ஸ்னோ இல்லன்னு கவலை, எனக்கு இங்க காலைல எந்திரிச்சா அதை வழிச்சுப் போடணும்னு கவலை, காரை வெளிய எடுக்கதுக்குள்ள முதுகு போயிருது.

பையன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஸ்னோ வந்தா உடனே பொம்மை பிடிச்சிற முடியாது. ரொம்பக் குளிரா, மைனஸ் பதினஞ்சு அப்படி இருந்தா அது தேரி மணல் மாதிரி கையில நிக்காம உதிரும். ஜீரோவை ஒட்டி ஈரமா இருக்கணும், நம்ம வீட்டுல புட்டுக்கு மாவு பிசறுவாவல்லா, பிடிச்சா பிடி நிக்கணும் விட்டா உதிரணும்னு, அந்தப் பக்குவம். எங்க அம்மா இங்க வந்திருந்தப்ப முதல் தடவையா கையில எடுத்துப் பாத்துட்டு ‘மாவுல தண்ணி பத்தாதுல’ன்னாவ.

புத்தகம்னு கேட்டா ஸ்னோமேன்னே ஒண்ணு உண்டு, ரேமண்ட் பிரிக்ஸ்னு இங்கிலாந்துக்காரர் 1978ல போட்டது. உள்ள ஒரு வார்த்தை கிடையாது, பூராம் கட்டம் கட்டமா படம்தான். அதனால வசதி என்னன்னா நீங்க திருநவேலித் தமிழ்லயே கதை சொல்லலாம், ‘ஏலே எங்கல போற’ன்னு ஸ்னோமேனைப் பேச வைக்கலாம், நான் அப்படித்தான் வாசிக்கேன். இன்னொண்ணு, அந்தப் புத்தகத்துல கிறிஸ்துமஸே கிடையாது. 1982ல படமா எடுத்தப்பதான் சாண்டாவைச் சேத்தாவ. கடைசில அவரு உருகிப் போயிருவாரு, அதை மட்டும் முன்னாலயே யோசிச்சு வச்சுக்கோங்க, என் மவ ஒரு நாள் முழுக்க அழுதா.

இங்க சில வீட்டுல டிசம்பர் 1லருந்து 24 வரைக்கும் நாளைக்கு ஒரு புத்தகம்னு காகிதத்துல சுத்தி வச்சு பிள்ளைகளை விட்டுப் பிரிக்கச் சொல்லுவாவ. புதுசு வாங்கணும்னு இல்ல, லைப்ரரில எடுத்ததையும் வீட்டுல கிடக்க பழசையுமே சுத்துவாவ. நீங்க அதை மார்கழிக்கு மாத்திக்கோங்க. திருப்பாவை முப்பது பாட்டு நாளைக்கு ஒண்ணுங்கது மாதிரி நாளைக்கு ஒரு கதை. சில வருசம் மார்கழிக்கு 29 நாள்தான் வரும், ஒரு கதை மிச்சம் கிடக்கும், பொங்கல் அன்னைக்கு வச்சுக்கிடலாம். தினத்தந்தி பேப்பர்ல சுத்தினாப் போதும்.

வள்ளியூர்_டீச்சர்:

பெருமாள்புரம் அம்மா, நான் இருபது வருசமா சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கேன். ஸ்னோ புத்தகம் தாராளமா வாங்குங்க. ஆனா வாசிக்கதுக்கு முன்னால ‘பனி’ங்க வார்த்தையைச் சரி பண்ணிக்கோங்க. பிள்ளைக்குக் குழப்பம் வர்றதே அங்கதான். தமிழ்ல புல்லு மேல நிக்குத துளிக்கும் பனிதான், காலைல ரோட்டை மறைக்கிறதுக்கும் பனிதான், ஊட்டில புல்லு வெள்ளையாப் பூக்குமே அதுக்கும் உறைபனிதான், ஸ்னோவை தமிழ்ல போடுதவங்களும் பனின்னுதான் போடுதாவ. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு ஆச்சி சொல்லுத பனி வேற, கனடாத் தம்பி வழிக்க பனி வேற. நான் வகுப்புல ஸ்னோவுக்கு வெண்பனின்னு சொல்லிருவேன். மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனின்னு நம்ம ஆளுக அப்பவே பனிக்காலத்தையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காவ, அதையும் போகிற போக்குல சொல்லலாம்.

என் கைல இருக்க புத்தகம் எஸ்ரா ஜாக் கீட்ஸ் போட்டது, பேரு ஸ்னோயி டே, 1962ல வந்தது, அடுத்த வருசம் அமெரிக்காவுல படப் புத்தகத்துக்குக் கொடுக்க கால்டெகாட் விருது வாங்கிச்சு. பீட்டர்னு ஒரு கறுப்பினப் பையன், சிவப்பு உடுப்பு. வேற ஒண்ணும் பெருசா நடக்காது. அவன் வெளிய போவான், காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு தடம் போடுவான், கம்பை வச்சு மரத்தைத் தட்டுவான், அவ்வளவுதான். கறுப்பினப் பிள்ளை நாயகனா வர்ற படப் புத்தகம் அந்தக் காலத்துல அங்கயே அபூர்வம். கீட்ஸ் ஒரு சின்னப் பையன் போட்டோவை 1940ல பத்திரிகைலருந்து வெட்டி எடுத்து இருபது வருசத்துக்கு மேல பத்திரமா வச்சிருந்து, அந்த முகத்தைத்தான் பீட்டரா வரைஞ்சாராம். நம்ம பிள்ளைக அந்தப் பையனைப் பாத்த உடனே ‘டீச்சர் நம்ம மாதிரி இருக்கான்’னுதான் சொல்லும், ஸ்னோவுல நிக்கானேன்னு யாரும் கேட்டது கிடையாது.

அதுல பீட்டரு ஒரு பனி உருண்டையை நாளைக்கு ஆகும்னு சட்டைப் பைல போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிருவான், பெறவு பாத்தா பை ஈரமா காலியாக் கிடக்கும். நான் இதை வாசிச்ச மறுநாள் எங்க வகுப்புல ஒருத்தன் மீன்காரர் பொட்டில கிடந்த ஐஸ் துண்டை வாங்கி டவுசர் பைல போட்டுட்டு வந்துட்டான். ரெண்டாவது பீரியடுல பெஞ்சு பூராம் தண்ணி. டவுசர்ல ஒரே சாளை மீன் வாடை. பக்கத்துல இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கிட்டு ‘டீச்சர், பீட்டரு நாறுதான்’ன்னு சொல்லுது. எனக்கு சிரிப்பை அடக்க முடியல. அந்தப் பையனுக்கு இனி ஆயுசுக்கும் ஐஸ் உருகுங்கத யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அந்தப் படங்க வெறும் பெயிண்ட் இல்ல, காகிதம் துணியெல்லாம் வெட்டி ஒட்டினது. டூத்பிரஷ்ல மை தொட்டுத் தெளிச்சிருக்காரு, ரப்பர்ல அச்சு வெட்டிக் குத்தியிருக்காரு. நீங்களும் லீவுல பழைய பிரஷ்ஷ எடுத்து வெள்ளை போஸ்டர் கலரை நீலத் தாள் மேல தெளிக்கச் சொல்லுங்க (சுவத்துப் பக்கம் வேண்டாம், நான் பட்டுருக்கேன்). வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி கலர்ல முக்கி அச்சு வச்சா அசல் நட்சத்திரம், கிறிஸ்துமஸ் கார்டுக்கு ஆகும்.

தமிழ்னா ரெண்டு வழி. சென்னைல துளிகாகாரங்க 1996லருந்து பிள்ளைகளுக்குப் போடுதாவ, அதுல தமிழும் இங்கிலீஷும் சேந்து வர்ற இருமொழிப் புத்தகம் கிடைக்கும், ஸ்கூலுக்கும் ஆச்சு ஆச்சிக்கும் ஆச்சு. இன்னொண்ணு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர், 2015ல ஆரம்பிச்ச தளம். தமிழ்க் கதை நிறையக் கிடக்கு, காசு கிடையாது, இறக்கி பிரிண்ட் எடுத்துக்கிடலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான். நாலு படியாப் பிரிச்சிருப்பாவ, உங்க பையனுக்கு ஒண்ணாம் படி போதும். மழைன்னு தேடுங்க, பண்டிகைன்னு தேடுங்க, எதாவது மாட்டும். கலர் ஜெராக்ஸ் எடுத்தா செலவு ஏறும், ஃபோன்லயே பாத்து பிடிச்சத மட்டும் எடுங்க. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல சிறுவர் பகுதியையும் ஒரு நடை பாத்திருங்க, பொருநை நெல்லை புத்தகத் திருவிழா வரும்போது மிச்சத்தை வாங்கிக்கிடலாம்.

இன்னும் ஒண்ணு சொல்லணும். நமக்கு விண்டர்னா மழைதான். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சுல்லா, ஸ்கூல் திறந்த பெறவு படம் வரைங்கன்னா எங்க பிள்ளைக ரொம்ப நாளைக்கு கழுத்தளவு தண்ணிதான் வரைஞ்சுதுக. பிள்ளை அதைப் பாத்து பயந்திருந்தா மழைக் கதையைக் கொஞ்சம் பாத்து எடுங்க, வெள்ளம் வராத கதையா ஆரம்பிங்க.

கொக்கிரகுளம்75:

எனக்கு ஒண்ணு புரியல. 22 டிகிரில இருக்கவனுக்கு எதுக்கு ஸ்னோ? நம்ம கார்த்திகைக்கு சொக்கப்பனை கொளுத்துததைச் சொல்லிக் கொடுங்க, ஓலைக் கொழுக்கட்டை அவிக்கதைச் சொல்லுங்க. குருத்தோலைக்குள்ள அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் வச்சு அவிச்சுப் பிரிக்கும்போது வர்ற வாசத்துக்கு முன்னால எந்த ஸ்னோவும் நிக்காது. எங்க காலத்துல எவன் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். வெளிநாட்டுச் சரக்கை எல்லாம் தலைல தூக்கி வச்சு ஆடுதாவ.

வள்ளியூர்_டீச்சர்:

அண்ணாச்சி, கொழுக்கட்டை விசயத்துல உங்க கட்சிதான், எனக்கே வாய் ஊறுது. ஆனா கூந்தன்குளத்துக்கு வருசா வருசம் ஒரு வெளிநாட்டுச் சரக்கு வருதே, வரித்தலை வாத்து, தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் வெண்பனி மூடினதும் இமயமலையைத் தாண்டிப் பறந்து நம்ம நாங்குநேரி தாலுகாவுக்கு வருது, இங்க உள்ள 22 டிகிரியை நம்பி. அதுக்கு நீங்க விசா கேப்பியளா? ஊர்க்காரங்க பறவை மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போட மாட்டாவ. 1994ல சரணாலயம்னு அறிவிச்சதுக்கு முந்தியே அந்த ஊர் அப்படித்தான்.

பெருமாள்புரம் அம்மா, பையனை ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அங்க கூட்டிட்டுப் போங்க, டவுன்லருந்து நாப்பது கிலோமீட்டருக்குள்ளதான். குளத்துல தண்ணி நிக்குதான்னு விசாரிச்சுட்டுப் போங்க, வாத்து வரத்து தை மாசத்தை ஒட்டித்தான் கூடும், பூநாரையும் வரும். ஸ்னோ நம்ம ஊருக்கு வராது, ஆனா ஸ்னோவுக்குப் பயந்தது வரும்னு சொல்லுங்க, அவன் கேள்விக்கு அது பதில்.

கருங்குளம்_சித்தி:

எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டு வாரிய, நம்ம ஊர்ல பிள்ளைகளுக்குன்னே ஒரு பண்டிகை இருக்கே அதை ஒருத்தரும் சொல்லல. சிறுவீட்டுப் பொங்கல். மெட்ராஸ்காரங்ககிட்ட சொன்னா என்னதுன்னு கேக்காவ.

எங்க ஊர்ல செய்யுத மாதிரி சொல்லுதேன். மார்கழி ஒண்ணாந்தேதிலருந்து வாசல் கோலத்துல சாணி உருண்டை வச்சு அதுல பூசணிப் பூவைச் செருகுவோம். வெயில் ஏறினதும் அதைப் பூவோட சேத்துத் தட்டி சுவத்துல ஒட்டிருவோம், காயும். மாசம் பூராம் சேந்தா ஒரு கடவம் (பெரிய ஓலைப் பெட்டி) இருக்கும். தைப் பொங்கல் முடிஞ்ச பெறவு வாசல்ல களிமண்ணுல முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டணும், கதவு, ஜன்னல், அடுக்களை எல்லாம் உண்டு, எங்க அக்கா ஒரு வருசம் மச்சுக்கு படி கூட வச்சா, அது மத்தியானமே சரிஞ்சு போச்சுன்னு வைங்க. அந்த வீட்டு முன்னால பிள்ளைக பேர்ல சின்னப் பானைல பொங்கல் பொங்கும். சாயங்காலம் காஞ்ச பூவையும் பொங்கலையும் எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போய் இலைல சூடம் ஏத்தி தண்ணில விடுவோம். எங்களுக்கு ஆறு பக்கம், ஓடியே போயிருவோம். யார் சூடம் ரொம்ப தூரம் அணையாமப் போகுதுன்னு கரையோட கூடவே ஓடுவோம், என்னோடது ஒரு வருசமும் முதல் படித்துறையைத் தாண்டினது கிடையாது.

இதுக்குப் படப் புத்தகம் கடைல தேடாதீய. அவனை வச்சே ஒண்ணு போட்டிருங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. ஆச்சியைச் சொல்லச் சொல்லுங்க, நீங்க எழுதுங்க, அவன் வரையட்டும். ஸ்கூலுக்கும் அதையே கொடுத்து விடுங்க, விண்டர் ஹாலிடேன்னு கேட்டாவல்லா, இது விண்டர்ல வர்ற ஹாலிடேதானே.

டொராண்டோ_நெல்லையன்:

சித்தி, அந்தப் புத்தகத்தை முடிச்சா ஒரு காப்பி ஸ்கேன் பண்ணி இங்கயும் போடச் சொல்லுங்க. என் மவ இங்க பிறந்தவ, களிமண் வீடுன்னு சொன்னா ‘ஸ்னோ ஃபோர்ட் மாதிரியாப்பா’ங்கா. ஒரு வகைல சரிதான், ரெண்டும் நாலு நாளைக்குத்தான் நிக்கும்.

பைண்டிங்_அண்ணாச்சி:

அச்சாபீஸ்லயும் பைண்டிங்கலயும் முப்பத்தஞ்சு வருசம் கிடந்தவன், அதனால சொல்லுதேன். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமா இருக்கதைப் பாத்திருப்பிய. காரணம் ஒண்ணும் பெருசு இல்ல, பெரிய தாள்ல இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு, மடிச்சா 16 பக்கம், அதை ஒரு பாரம்பாவ. ரெண்டு பாரம் சேத்தா 32, தாள் வீணாகாது, தைக்கவும் லேசு.

வீட்டுல பண்ணதுக்கு ஏ4 தாள் எட்டு எடுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா பாதியா மடிச்சா அதுவும் 32 பக்கம் வந்துரும். அஞ்சு வயசுப் பையனுக்கு அது ரொம்பக் கூடுதல், நாலு தாளு 16 பக்கம் போதும், இல்லன்னா பாதில விட்டுட்டு ஓடிருவான். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், கலர் மறுபக்கம் ஊறும், சார்ட் தாளை அந்த சைசுக்கு வெட்டிக்கோங்க. நடு மடிப்புல மூணு ஓட்டை, கோணி ஊசில நூல் கோத்து நடு ஓட்டைல விட்டு மேல வந்து கீழ போய் திரும்ப நடுவுலயே முடிச்சுப் போடணும். அட்டைக்கு கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். மைதாப் பசைதான் ஒட்டணும், நாங்க பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தம் போடுவோம், நீங்க போட்டிராதீய, அது விசம், பிள்ளை கைய வாயில வைக்கும். முக்கியமா, தைச்சுட்டு வரையச் சொல்லாதீய. முதல்ல தாளை மடிச்சு பக்க எண் போட்டு, பெறவு பிரிச்சு வரையணும். இல்லன்னா ஆச்சி தலை மூணாம் பக்கத்துலயும் கால் பதினாலாம் பக்கத்துலயும் வந்து நிக்கும்.

பெருமாள்புரம்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவியன்னு நினைக்கல. மார்கழி பிறந்து மூணு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்லிருதேன்.

லைப்ரரில தேடினதுல ஸ்னோமேன் புத்தகம் இல்ல, ஸ்டோரிவீவர்ல மழைக் கதை ரெண்டு எடுத்து ஸ்கூலுக்குக் கொடுத்து விட்டாச்சு. இருமொழிப் புத்தகம் ரெண்டு ஆர்டர் போட்டிருக்கேன். எங்க புத்தகம் ஏழாம் பக்கத்துல நிக்குது. முதல் ரெண்டு பக்கம் நாசரேத்து, வெண்டைக்காய் நட்சத்திரமா குத்தித் தள்ளிட்டான், ராத்திரி கேரல் பாட வர்றவங்க மூஞ்சிலயும் நட்சத்திரம்தான் இருக்கு. பெறவு ஆச்சி, மஃப்ளரோட. அதுக்குப் பெறவு அவனா ஒரு பக்கம் சேத்திருக்கான், களிமண் வீட்டு வாசல்ல மஞ்சக்கலர் ஸ்னோமேன் வந்து பொங்கல் சாப்பிடுதாரு, பக்கத்துல கோடு போட்ட வாத்து. கீழ என்ன எழுதணும்னு கேட்டேன். ‘உருகுததுக்குள்ள சாப்பிட்டுட்டுப் போங்க’ன்னு எழுதச் சொன்னான். மாமியார் அதைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாவ, அன்னைலருந்து பையனை சாப்பிடக் கூப்பிட அதையே சொல்லுதாவ.

ஒரே ஒரு பிரச்சினை. சாணி பால்காரர் கொண்டு வந்து தந்துருதாரு. பூசணிப் பூ கிடைக்க மாட்டேங்கு. மார்க்கெட்ல கேட்டா காய் இருக்கு பூ இல்லங்காவ. மூணு நாளா செம்பருத்தி வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம், மாமியாருக்கு மனசே இல்ல. பாளைக்குள்ள யார் வீட்டுலயாவது கொடி கிடக்கா?

சாந்திநகர்_மாடித்தோட்டம்:

எங்க மாடில ரெண்டு கொடி படந்து கிடக்கு, தினம் ஆறேழு பூ பூக்கு. ஆண் பூவா பாத்துப் பறிச்சுத் தாரேன், பிஞ்சு பிடிக்கதை எடுக்கக் கூடாது. தனிச்செய்தில விலாசம் அனுப்புதேன். காலைல ஏழு மணிக்கு முந்தி வாங்க, வெயில் வந்தா சுருண்டுக்கிடும். பையனையும் கூட்டிட்டு வாங்க, பறிக்கட்டும்.